மாதா மாதம் கொடுத்த நம் பங்கு மக்களுக்கு நன்றி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்பான பங்கு மக்களே,

தவக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மைக் முன்னால் நின்றபோது என் கை நடுங்கியது. கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாருக்கு 3 மாதச் சம்பளம் பாக்கி. கோயில் கரண்ட் பில்லைக் கைமாற்று வாங்கித்தான் கட்டியிருந்தோம். இதை உங்கள் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. இன்று பாக்கி எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொடுக்க மனமில்லாத ஊர் இல்லை நம் ஊர். திருவிழாத் தலைக்கட்டு வரி கொடியேற்றத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். சப்பரத்துக்குப் பூ, அசனத்துக்கு, அதாவது ஊர்ப் பந்திக்கு, அரிசி என்று நான் நீ எனக் கொடுப்போம். ஆனால் பூசை அப்பம், திராட்சை இரசம், மெழுகுதிரி, கரண்ட் பில், உபதேசியார் வீட்டு அடுப்பு, இவையெல்லாம் சப்பரம் நிலைக்கு வந்த மறுநாளும் இருக்கின்றன. இவற்றுக்கு உபயம் என்று யாரும் பெயர் எழுதிக் கல் பதிப்பதில்லை. அந்தச் செலவுக்குத்தான் நீங்கள் மாதச் சந்தா கொடுத்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சனிக்கிழமை பீடிச் சம்பளம் வாங்கிய கையோடு அன்பியப் (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) பொறுப்பாளரிடம் 50 ரூபாய் கொடுத்துவிட்டுப் போன அம்மாமார்களுக்கு முதல் நன்றி. ஒரு வாரம் ஓர் அம்மா, “இலை மோசம் தம்பி, சுத்தினது குறைஞ்சு போச்சு, 30தான் இருக்கு” என்று வருத்தப்பட்டார். வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கோபித்துக்கொண்டார். அம்மா, அன்று நான் அப்படிச் சொன்னது தப்பு.

மாதா சபையார் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்தீர்கள். ஞாயிறு ஏலத்தில் அந்த அரிசியை எடுத்தவர்களில் 3 பேர், பணத்தையும் கட்டிவிட்டு அரிசியை மறுபடி ஏலத்துக்கே விட்டீர்கள். திருப்பூரிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், கேட்காமலே அனுப்பினீர்கள். ஒழுகிய ஓட்டை மாற்றிய கொத்தனார் அண்ணன் 2 நாள் கூலி வாங்கவில்லை. வயரும் பல்பும் அடக்க விலைக்குத் தந்த கடைக்கார அண்ணாச்சி நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அவருக்கும் நம் எல்லார் சார்பிலும் நன்றி.

கணக்குக் கேட்டவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. “கோயில் காசுக்கே கணக்கா?” என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருச்சபைக் கட்டளைகள் ஆறையும் சிறு வயதில் ஒப்பித்தோமே, அதில் ஆறாவது, ஞான மேய்ப்பர்களுக்கு நம்மால் இயன்ற உதவி செய்வது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் (எண் 222) வழிபாட்டுக்கும் அறப்பணிக்கும் பணியாளர் பிழைப்புக்கும் உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது. சரி, அது உங்கள் கடமை. எங்கள் கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் (1267). மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் (1287). பவுல் அடிகளாரே எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய காணிக்கையைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்து வாசியுங்கள். நீங்கள் கேட்டதால்தான் எங்கள் நோட்டு ஒழுங்குக்கு வந்தது.

பெரிய வெள்ளிக் காணிக்கை எங்கே போனது என்றும் கேட்டீர்கள். அது இயேசு வாழ்ந்த திருநாட்டுக்குப் போகிறது. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு எடுக்கும் காணிக்கையும் அப்படித்தான், உலகெங்கும் உள்ள மறைபரப்புப் பணிக்குப் போகிறது. இரண்டையும் மறைமாவட்டம் வழியாக அனுப்பிவிடுகிறோம். பங்குச் செலவுக்கு அதில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. இதை முன்பே சொல்லாதது எங்கள் குறை.

இன்னொன்று, மனதில் உறுத்துவது. சந்தா கொடுக்க முடியவில்லையே என்று கூச்சப்பட்டுப் பூசைக்கே வராமல் இருந்த 2 குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வாருங்கள். உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள். நோட்டில் யார் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது, யார் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை என்பது நிதிக்குழுவைத் தாண்டி வெளியே போகாது. போனால் அன்றே நான் இந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

வரவு செலவுத் தாளைத் தீர்த்தத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். பெரிய எழுத்தில் இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். புரியாத வரி இருந்தால் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அப்புறம் மணிக்கூண்டுப் பக்கம் வாருங்கள், அங்கேதான் இருப்பேன். ஜெனரேட்டர் இன்னும் பழுதாகவே கிடக்கிறது. அந்த வேலை தெரிந்த தம்பிகள் யாராவது இருந்தால் அன்றே வந்து ஒரு தடவை பாருங்கள்.

அன்புடன்,
பங்கு நிதிக்குழுச் செயலாளர்