மாதிரி நீராவி இன்ஜின் பாய்லரில் ஈயப் பற்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதிரி நீராவி ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். நெடுங்காலமாக இவ்வேலையில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், அதிலுள்ள ஒரு குறிப்பை மட்டும் திருத்தியே ஆக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். செப்பு பாய்லரில் கசியும் இடத்தை, ரேடியோ வேலைக்குப் பயன்படும் ஈயப் பற்றை வைத்து அடைத்துவிடலாம் என்கிறது கட்டுரை. நிலக்கரி எரித்து ஓட்டும் இன்ஜினுக்கு இது ஆபத்தான யோசனை.

வெள்ளீயமும் காரீயமும் கலந்த அந்தப் பற்றாசு (உலோகங்களை இணைக்க உருக்கி வைக்கும் சால்டர்) 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காட்டும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 162 டிகிரி. உருகுவதற்கு வெகு முன்பே பற்றின் பிடி தளர்ந்துவிடும் என்பதால், எஞ்சியுள்ள இருபது டிகிரியையும் நம்புவதற்கில்லை. 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசைக் கொண்டு இந்த பாய்லர்களை இணைப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு: ஒருமுறை காரீயம் பட்ட மூட்டில், பின்னர் வெள்ளிப் பற்றாசு ஒழுங்காகப் பிடிக்காது. தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்த ஈயத்தால் நல்ல பாய்லரே வீணாகிவிடக்கூடும்.

கசிவு தெரியும் இடத்தில்தான் பழுது இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. நான் வாங்கிய, 5 அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் பழைய இன்ஜின் ஒன்றில், நீர்மட்டக் கண்ணாடியின் அடியில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், பாய்லரில் பதித்திருந்த பித்தளைப் புஷ் (இணைப்புகளைத் திருகிப் பொருத்தும் வளையம்) மஞ்சள் நிறம் போய்ச் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது; ஊசியால் சுரண்டியதும் புரை கட்டிய உலோகம் பொடியாக உதிர்ந்தது. பித்தளையிலிருந்த துத்தநாகத்தை வெந்நீர் சிறுகச் சிறுக அரித்துவிட்டிருந்தது. மேலே ஈயம் பூசியிருந்தால் ஈரம் நின்றிருக்கும், உள்ளே இருந்த நோவு தெரியாமலே போயிருக்கும். வெண்கலத்தில் புதிய புஷ் கடைந்து, வெள்ளிப் பற்றாசால் இணைத்தேன்.

அதன்பின் பாய்லரில் காற்றே இல்லாதபடி குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்திச் சோதித்தேன். புதிய பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கும், பின்னர் அவ்வப்போது ஒன்றரை மடங்கும் கொடுத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். நீர் அமுங்காது, ஆகவே மூட்டு விட்டாலும் சிறு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்றை அடைத்துச் சோதித்தால் அது வெடிப்பாக முடியலாம்.

மற்ற பாகங்களை மேம்படுத்துவது பற்றிக் கட்டுரை கூறுபவை எனக்கு முழுவதும் உடன்பாடு. பம்பின் ஒருவழி வால்வில் (நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) துருப்பிடிக்காத எஃகுக் குண்டைப் போடுவது அவற்றுள் மிக நல்லது. ஆனால் குண்டை மாற்றினால் மட்டும் போதாது; பழைய குண்டு ஒன்றை வால்வினுள் குண்டு உட்காரும் இருக்கையில் வைத்து, பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு மெல்லிய தட்டுத் தட்டி வட்டத்தைப் பதியவைத்து, அதை எடுத்துவிட்டுப் புதிய குண்டை இட வேண்டும்.

கட்டுரையைப் படித்து ஏற்கெனவே ஈயம் வைத்துவிட்டவர்கள், அனுபவமுள்ள பாய்லர் சோதனையாளர் ஒருவரிடம் காட்டும்வரை இன்ஜினில் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஓர் அறிவிப்பு வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரி இன்ஜின் கட்டும் வாசகர் ஒருவர்