சாம்பார்ல எங்க ஊரு மழை

ஆசிரியருக்கு வணக்கம், ரங்கூன்ல இருந்து எழுதுறேன். உங்க மறைநீர் (ஒரு பொருள் விளையவோ செய்யவோ செலவாகுற தண்ணி) கட்டுரையில நெல்லு, கரும்பு, மாட்டுக்கறின்னு எல்லாத்தையும் சொல்லிட்டு பருப்பை மட்டும் விட்டுட்டீங்களே சார். ஒரு கிலோ பருப்பு விளைய உலக சராசரி சுமார் 4000 லிட்டர் தண்ணி. 2021ல போட்ட அஞ்சு வருஷ ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை பர்மாவுல இருந்து இந்தியாவுக்கு, அதாவது அதோட சேர்ந்து எங்க மழையும் கப்பல் ஏறுது.

உளுந்துக்கு நான் பெருசா குறை சொல்ல மாட்டேன், பெகு, ஐராவதி பக்கம் மழைநெல் அறுத்ததும் வயல்ல மிச்சம் நிக்கிற ஈரத்துலயே விதைச்சு எடுத்துடுவாங்க. துவரைதான் இடிக்குது. மக்வே, மாந்தளை பக்கம் வறண்ட பூமி, அதுவும் மானாவாரிதான், ஆனா ஏப்ரல்ல அங்க ஊர்க்குளம் வத்தி லாரியில தண்ணி தானம் கொண்டு போறாங்க, ஒரு வருஷம் மழை ஏமாத்துனா இங்க விவசாயி கடன்ல, அங்க உங்க சாம்பார் விலையில.

அடுத்த தடவை லிட்டர் கணக்கு போடும்போது மழைத்தண்ணி எவ்ளோ, போர்வெல் தண்ணி எவ்ளோன்னு பிரிச்சு போடச் சொல்லுங்க, மொத்தமா ஒரே நம்பர் போட்டா ஒண்ணுமே புரியல.

– ஒரு வாசகர், ரங்கூன்