அந்த எல்.சி.யைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்

தாராவியிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியைக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயன்மீர்,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிவு தரப்பட்ட நாளன்று தலைமையாசிரியை அவர்களின் அறையில் நடந்ததை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தாங்கள் இருந்தீர்கள். இந்தப் பக்கம் அந்த மாணவியின் தாயும் அவருக்குத் துணையாக வந்த நானும் இருந்தோம். கணக்கில் தவறிய பெண்ணைப் பத்தாம் வகுப்பில் ஏற்க இயலாது, எல்.சி. எனப்படும் பள்ளி விடுப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, 17-ஆம் நம்பர் படிவம் போட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதட்டும் என்று தாங்கள் சொன்னதும், அதற்கான விண்ணப்பத்தைத் தாங்களே எழுதி அந்தத் தாயிடம் கையெழுத்து வாங்கியதும் தங்களுக்கு நினைவிருக்கும். அன்று நான் வாய் திறக்கவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அந்த எல்.சி.யைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பானாலும் சரி, ஒன்பதிலேயே இன்னோர் ஆண்டு என்றாலும் சரி, அவள் வகுப்பறையில் இருக்க வேண்டும்.

தாங்கள் கடிந்து பேசவில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தாயோடு இட்லி அவித்து, தந்தை சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பிய பிறகு, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பெண் அவள் என்பது தங்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் பாடவேளையில் அவள் தூங்கினால் எழுப்ப வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருந்ததாகவும், இத்தனை வேலைக்கு நடுவில் கணக்கும் அவளுக்கு ஒரு பாரமாக வேண்டாம் என்றே இந்த முடிவுக்கு வந்ததாகவும் சொன்னீர்கள். வெளியே வந்து 90 அடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன்க்கா. அவ்வளவு அன்பா சொல்றவங்ககிட்ட என்னன்னு கேக்குறது?"

அந்த முதல் பாடவேளை கணக்குப் பாடவேளை என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிய வந்தது. அவளுடைய கணக்கு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஒன்பதில் தங்கள் பள்ளியின் ஆங்கில வழி வகுப்புக்கு வந்தவள் அவள். மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் பெருக்கி மைனஸ் பன்னிரண்டு என்று ஜூலை மாதத்தில் எழுதியிருக்கிறாள். அதே பிழை அக்டோபரில் இருக்கிறது, டிசம்பரில் இருக்கிறது, பிப்ரவரியிலும் இருக்கிறது. சமன்பாட்டைச் சரியாக அமைக்கிறாள், படிகளை ஒழுங்காக எழுதுகிறாள். இரண்டு குறை எண்கள் பெருக்கலில் சந்திக்கிற இடத்தில் மட்டும் குறி தவறி, விடை முழுவதும் சரிந்துவிடுகிறது. அந்தப் பக்கங்கள் அத்தனையிலும் சிவப்பு மையில் சரிக்குறியும் சுருக்கொப்பமும் இருக்கின்றன. தவறான விடைக்குச் சரிக்குறி போட்ட கை அவள்மேல் பரிவு கொண்ட கையாகவே இருக்கலாம். ஆனால் ஓராண்டு முழுவதும் தான் செய்வது சரி என்றே அவளை நம்பவைத்துவிட்டு, ஆண்டு முடிவில் உனக்குக் கணக்கு வராது என்று சொல்வதை என்னால் பரிவு என்று ஏற்க முடியவில்லை, அம்மையீர். அந்த ஒரு பிழையை அவளுக்கு விளங்க வைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நானும் தங்கள் பள்ளியில் படித்தவள். 1984-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில், கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கியவள். எங்கள் வீட்டில் அப்போது மின்விளக்கு இல்லை என்பது அன்றைய தலைமையாசிரியருக்குத் தெரியும். பள்ளி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக என்னை வரச்சொல்லி, தம் அறை வாசலில் விளக்கின் கீழ் உட்கார வைத்து, நாளுக்குப் பத்துக் கணக்கு கொடுத்தார். சில நாள் அவருடைய டிபனில் எனக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் ஏழு கணக்கு சரியாக இருந்தால் மற்ற மூன்றையும் போட்டு முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டார். அழுதாலும் விடமாட்டார்; அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு நோட்டை மறுபடி என் பக்கம் தள்ளுவார். முப்பது ஆண்டுகள் ஒரு வங்கியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன்.

அவர் செய்தது இந்த நகரத்திற்குப் புதிதும் அல்ல. பம்பாயில் மாணவராக இருந்த அம்பேத்கர், படிக்க வசதியில்லாத பரேல் குடியிருப்பை விட்டு சர்னி ரோடு தோட்டத்தில் வந்து படித்துக்கொண்டிருந்தபோது, அவரைக் கண்டு பேச்சுக் கொடுத்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். மாணவரின் சாதியும் வறுமையும் அறிந்த அவர், அவருக்கு மேலும் மேலும் புத்தகங்களைக் கொடுத்தார். 1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். பிள்ளையின் கஷ்டத்தை அறிந்துகொண்டவர், அதன் காரணமாகவே அவருக்கு அதிகமாகப் படிக்கக் கொடுத்தார்.

பள்ளி வாயிலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்டியிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் எத்தனை பிள்ளைகள் எல்.சி. வாங்கிப் போனார்கள் என்பதை அந்தப் பதாகை சொல்வதில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. பிள்ளையின் கற்கும் திறனை அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. எட்டாம் வகுப்போடு அந்தக் காவல் தீர்ந்துவிடுவதால், ஒன்பதில் கால் வைக்கும் ஏழைப் பிள்ளைக்குத் தலைமையாசிரியரின் மனத்தைத் தவிர வேறு துணை இல்லை. ஆசிரியர்களைத் தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் இழுத்துப் போகிற அரசு, பள்ளிகளிடம் சதவீதத்தை மட்டும் கேட்பதையும் நான் அறிவேன். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுமேம்பாடு என்ற பேச்சில் எந்த வீடு எந்த மூலைக்குப் போகும் என்று தெரியாமல் இங்கே ஒவ்வொரு குடும்பமும் கலங்கிக் கிடக்கிற இந்த நேரத்தில், பள்ளி ஒன்றாவது பிள்ளைகளை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டாமா? எழுத வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையில் அவள் வகுப்பின் கணக்குப் பாடவேளையை முற்பகலின் பிற்பகுதிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால், அவளுக்கும் அவளைப் போன்ற மற்றவர்களுக்கும் கணக்கு சொல்லிக்கொடுக்க நானும் என்னோடு படித்த இருவரும் ஊதியமின்றி வருகிறோம். தவறான விடைக்குத் தவறு என்று குறி போடுங்கள். அவள் தூங்கினால் எழுப்புங்கள்.

எல்.சி. என் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. 17-ஆம் நம்பர் படிவத்தை நாங்கள் நிரப்பவில்லை. தாங்கள் நாள் குறித்துச் சொன்னால், அந்தத் தாயும் நானும் அதைத் தங்கள் கையில் திருப்பிக் கொடுக்க வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி,
தாராவி, மும்பை