பாவித்த கோப்பி மெசின் வாங்கும் கடைக்காரரின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

வவுனியா தொடக்கம் பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கடைகளில் கோப்பி மெசின் வைக்க விரும்புவோர் கூடிவருகிறார்கள். புதியது வாங்க வசதிப்படாதவர்கள், கொழும்பு அலுவலகங்களில் பாவித்துக் கழித்ததைத் தேடுகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் வெளித்தகடு மினுங்குகிறதா, பொத்தானை அமத்தினால் கோப்பி வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கொழும்பில் ஐந்து வருடம் ஓடிய மெசின் இங்கே ஆறு மாதத்தில் படுத்துவிடலாம். காரணம் எங்கள் தண்ணீரும் எங்கள் மின்சாரமும். இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய மெசினா என்று பார்த்து வாங்கவேண்டும்.

முதலில் வகை. கொட்டையை அப்போதே அரைத்து வடிக்கும் மெசின் அருமையான கோப்பி தரும். ஆனால் அரைக்கும் பல், அமுக்கப் பம்பி, வடிக்கும் பகுதியின் இறப்பர் வளையங்கள் எனத் தேயும் பாகங்கள் அதிகம். ஒன்று பழுதானால் பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை மெசினை மூடிவைக்க வேண்டியதுதான். சிறிய கடைக்கு, பால்மாவும் கோப்பியும் சேர்ந்த கலவை மாவைச் சுடுநீரில் அடித்துத் தரும் மெசினே பொருத்தம் என்பேன். அதில் சுடுநீருக்குத் தனிப் பொத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளேன்ரீ கேட்பவருக்கு என்ன கொடுப்பது? சீனிக்குத் தனி டப்பா இருந்தால் இன்னும் நல்லது. சீனி வருத்தக்காரர் இல்லாத ஊர் எது?

தங்கள் மாவையே பாவிக்கவேண்டும் என்ற உடன்படிக்கையில் கம்பனிகள் கடைகளுக்கு மெசின் கொடுத்துவைப்பதும் உண்டு. அப்படியானது கைமாறி விற்பனைக்கு வந்திருக்கலாம். விற்பவருக்குச் சொந்தமானதுதானா என்பதைப் பற்றுச்சீட்டோடு உறுதிப்படுத்துங்கள்.

இனித் தண்ணீர். வன்னியில் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் பெரும்பாலும் கடினநீர். வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை, மெசினின் கொதிகலனுக்குள்ளும் படியும். ஹீற்றரை அது மூடிக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி ஹீற்றர் எரிந்துபோகும். கழன்று வரும் துணிக்கை வால்வின் வாயில் இருந்துவிட்டால் வால்வு முழுதாக மூடாது. ஆகவே மேல்மூடியைத் திறக்கச் சொல்லி, ரோச் வெளிச்சத்தில் கொதிகலனின் உட்பக்கத்தைப் பாருங்கள். திறக்க முடியாத வகை என்றால் சூடாகும்போது காதைக் கொடுங்கள்: பொரிகிற சத்தம் கேட்டால் உள்ளே படை தடித்துவிட்டது. பிறகு குழாய் வாயின் கீழே உலர்ந்த கடதாசியை விரித்துப் பத்து நிமிடம் விடுங்கள். கோப்பி ஊற்றியவுடன் இரண்டு மூன்று சொட்டு விழுந்தால் பரவாயில்லை. விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வு மாற்றவேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பு நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர், வாங்கி ஊற்றினால் படை வராது என்பது சரி. ஆனால் அதிலொரு சிக்கல் இருக்கிறது. சில மெசின்களில் கொதிகலனின் நீர்மட்டத்தை அறிவது ஒரு உலோகக் கம்பி. தண்ணீரில் உள்ள உப்புக்களின் ஊடாக மெல்லிய மின்சாரம் பாய்ந்தால்தான் மட்டம் நிறைந்ததென்று அது அறியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் நிறைந்த பிறகும் பம்பி ஓடிக்கொண்டே இருந்து தண்ணீர் வழியும். மிதவை உள்ள மெசினில் இந்தத் தொல்லை இல்லை. வாங்குமுன் மிதவையா கம்பியா என்று கேளுங்கள்.

குழாயோடு நேரே பொருத்தும் மெசினுக்குத் தண்ணீர் அமுக்கமும் வேண்டும். தண்ணீர்த் தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அமுக்கம் கிடைக்கும். கடையின் பின்னால் 3 மீற்றர் உயரத்தில் நிற்கும் தாங்கி தருவது 0.3 பார்தான். உள்வரும் வால்வுக்கு அது போதாவிட்டால் திரையில் தண்ணீர் இல்லை என்ற அறிவிப்பு வந்து மெசின் நின்றுவிடும். கானிலிருந்து சிறு பம்பியால் உறிஞ்சும் வகையே எங்களுக்கு வசதி.

மின்சாரத்துக்கு வருவோம். பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெசின் 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. 230 வோல்ற்றில் நேரே கொழுவினால் ஹீற்றர் ஐந்து மடங்குக்கு மேல் சக்தி இழுத்துக் கருகிவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் ஓட்டவேண்டும். சிறிய கடைக்கு அந்தத் தலையிடி வேண்டாம். 2000 வாற்ஸ் மெசின் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும் என்பதால் 5 அம்பியர் பிளக்கில் கொழுவக்கூடாது. 13 அம்பியர் சொக்கெற், எர்த் கம்பி, ட்ரிப் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். சூடாகி வரும்போது மட்டும் ட்ரிப் விழுந்தால் ஹீற்றருக்குள் ஈரம் புகுந்து மின் கசிகிறது என்று கொள்ளுங்கள். மல்ரிமீற்றர் வைத்திருப்பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஹீற்றரின் இரு முனைக்கும் இடையே அளந்தால் 2000 வாற்ஸுக்கு ஏறத்தாழ 26 ஓம் காட்டவேண்டும். முனைக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பே காட்டக்கூடாது.

நிமிடத்துக்கு எட்டுக் கோப்பை வரும் என்பார்கள் விற்பவர்கள். கணக்கைப் பாருங்கள். 30 பாகையில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரை 90 பாகைக்குக் கொண்டுவர 2000 வாற்ஸ் ஹீற்றருக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வேண்டும். 100 மில்லிலீற்றர் கோப்பை என்றால் தொடர்ந்து தரக்கூடியது நிமிடத்துக்கு ஐந்துக்குள்தான். அதற்கு மேல் வருவது மெசினுக்குள் இருக்கும் சுடுநீர்த் தாங்கியில், அதாவது கொதிகலனில், ஏற்கெனவே சூடாகி நிற்கும் தண்ணீர். பின்னேரத்தில் வோல்ற் 190க்கு விழுந்தால் ஹீற்றரின் சக்தி மூன்றில் இரண்டாகிவிடும். முறிகண்டியில் பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் நாற்பது கோப்பை விற்க நினைப்பவர், ஹீற்றரின் வாற்ஸோடு தாங்கி எத்தனை லீற்றர் என்றும் கேட்டே ஆகவேண்டும்.

பார்க்கப் போகும்போது சமையல் வெப்பமானி, கிராம் தராசு, உங்கள் கடைத் தண்ணீர் ஐந்து லீற்றர் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மெசினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 3 லீற்றர் தாங்கியும் 2000 வாற்ஸ் ஹீற்றரும் என்றால் ஆறேழு நிமிடத்தில் தயாராகவேண்டும். பத்தைத் தாண்டினால் வோல்ற் குறைவு, அல்லது இரண்டு ஹீற்றர் உள்ள மெசினில் ஒன்று எரிந்திருக்கிறது. பிறகு இடைவிடாமல் பத்துக் கோப்பை எடுத்து, முதலாவதின் சூட்டையும் பத்தாவதின் சூட்டையும் அளந்து பாருங்கள். 70 முதல் 80 பாகை நல்லது. பத்தாவது பத்துப் பாகைக்கு மேல் குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். திரையில் திருத்துநருக்கென்று இருக்கும் சேவிஸ் பட்டியலுக்குள் போய் மாவை மட்டும் ஐந்து தடவை விழச் செய்து நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாத் தள்ளும் திருகாணியோ மோட்டரோ தேய்ந்துவிட்டது. அந்தப் பட்டியலுக்குள் போகும் இரகசிய எண்ணை விற்பவர் தராவிட்டால் மாவின் அளவையோ சூட்டையோ உங்களால் மாற்றமுடியாது. மொத்தம் எத்தனை கோப்பை ஊற்றியது என்ற எண்ணிக்கையும் பல மெசின்களில் அங்கேதான் இருக்கும்.

கலக்கும் கிண்ணத்தைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். அடிக்கும் மோட்டரின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சிறிய இறப்பர் சீல் இருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் காய்ந்த பால் பொருக்கு இருந்தால் சீல் போய், பால் மோட்டருக்குள் இறங்கியிருக்கிறது. தண்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் மோட்டரின் ஆயுள் முடிகிறது. கிண்ணத்துக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு விசிறி உண்டு. ஆவியை வெளியே இழுப்பது அதுதான். அது நின்றால் ஆவி மாக் குழாயின் வாய்க்கு ஏறி, மா களியாகி அடைத்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழி மழையில் மா கட்டிபடுகிறது என்று மாவைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்த விசிறியின் முன்னால் ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்துப் பார்க்கட்டும்.

இவற்றில் தவறவிடக்கூடாத ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. கொதிகலனின் மேல் நாணயம் அளவில் ஒரு வெப்பத் துண்டிப்பான் இருக்கும். பலவற்றில் நடுவே சிறிய பொத்தான். தண்ணீரில்லாமல் ஹீற்றர் காய்ந்தால் மின்சாரத்தை நிறுத்துவது அது. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் இரு முனையையும் வயர்த் துண்டால் இணைத்துவிடுகிறார்கள் சிலர். அப்படியொரு வயரைக் கண்டால் எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். வேறு எதையெல்லாம் அப்படிச் செய்திருப்பார்கள் என்று யார் அறிவார்?

வாங்கியபின் மஞ்சளாகி இறுகிய சிலிக்கன் குழாய்களை உணவுத் தரமுள்ள புதியவையாக மாற்றுங்கள். படை கரைக்க, ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 30 கிராம் சிற்றிக் அசிட் போதும். ஹீற்றரை நிறுத்தி அரை மணித்தியாலம் விட்டு, மூன்று தடவை தாங்கி நிறைய நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றவே கூடாது. துருப்பிடிக்காத உருக்கையும் அது குழிகுழியாக அரிக்கும். கிண்ணத்தை ஒவ்வொரு இரவும் கழற்றிக் கழுவுங்கள். இந்த வெக்கையில் பால் ஒரே இரவில் புளிக்கும். கரப்பானும் எறும்பும் தேடி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மெசினின் வெளிப்புறத்தோடு நில்லாமல் இந்தக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மெசின்களைத் திருத்தத் தெரிந்தவர்கள் வன்னியில் மிகக் குறைவு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையமும் வவுனியாவின் தொழில்நுட்பக் கல்லூரியும் சனி, ஞாயிறுகளில் குறுகிய பயிற்சியொன்றை நடத்த முன்வரவேண்டும். மின்னிணைப்பு வேலை தெரிந்த இளைஞர்கள் இதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஹீற்றர், வால்வு, சீல், சிலிக்கன் குழாய் நான்கையும் இங்கேயே ஒரு கடையில் வைத்து விற்றாலே பல மெசின்கள் திரும்ப ஓடத் தொடங்கும்.

இங்ஙனம்,
கோப்பி மெசின் திருத்துநர்,
கிளிநொச்சி.