எங்கள் பள்ளி ஆசிரியர்கள் நிலைத்து வேலை பார்க்க வசதி செய்து தரக் கோரி மனு

அனுப்புநர்:
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பொருள்: ஆசிரியர்கள் அடிக்கடி மாறுதல் பெற்றுச் செல்வதைத் தடுக்க கழிப்பறை, பேருந்து, பதிவேற்றப் பணிக்கு ஆள் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து மூன்று கணக்கு டீச்சர்களைப் பார்த்துவிட்டாள். மூவருமே நல்லவர்கள். கடைசியாக இருந்தவர், கணக்கு வராத பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர். அவரும் பொது மாறுதல் கலந்தாய்வில் இடம் வாங்கிப் போய்விட்டார். "மனசே இல்லைம்மா, உடம்புதான் தாங்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அவர் கொண்டு வரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்திருக்கும். ஏன் குடிப்பதில்லை என்று ஒரு நாள் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. பள்ளியில் ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. பிள்ளைகளுக்கு உள்ளதில் தாழ்ப்பாளும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து அவர் விடுப்பில் இருந்தார். தாயாக இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே திரும்பிவிடுகிறது. அதை விட்டால் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. ஊரிலேயே தங்கலாம் என்றால் வாடகைக்கு வீடு இல்லை. தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை என்பதால் யாரும் வாடகைக்கு விடுவதில்லை. கோட்டையூரில் தம் வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்த அழகப்பச் செட்டியார் பிறந்த சீமை இது. இங்கே ஒரு டீச்சர் குடியிருக்க இரண்டு அறை கிடைக்கவில்லை. இதை வீட்டுச் சொந்தக்காரர்களான நகரத்தார் பெரியவர்களிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

எமிஸ் பதிவேற்றம், அதாவது பள்ளி விவரங்களைக் கல்வித்துறையின் இணையதளத்தில் ஏற்றும் வேலை, இன்னொரு சுமை. சிக்னலுக்காக டீச்சர் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க, வகுப்பு காத்துக் கிடக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராப் பணியில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பதிவேற்றம் அந்தத் தடைக்குள் வருமா என்று நான் வாதாட வரவில்லை. பாடம் நடத்தத்தான் அவர்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். அதைச் செய்ய விட்டாலே பாதி மனக்குறை தீரும்.

எனவே, ஆசிரியைகளுக்குத் தண்ணீர் வசதியுடன் ஒரு கழிப்பறை கட்டித் தரவும், மாலைப் பேருந்தை அரை மணி நேரம் தள்ளி இயக்கவும், பதிவேற்றத்துக்கு வாரம் இரண்டு நாளாவது ஒருவரை அனுப்பவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் உடனே முடியாது என்றால் கழிப்பறையை மட்டுமாவது அடுத்த கலந்தாய்வுக்கு முன் முடித்துத் தாருங்கள். குழி வெட்ட ஊரிலிருந்து ஆள் தருகிறோம். குழுத் தீர்மானத்தின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு