உன் கையெழுத்து வேண்டாம் என்று சொன்னவள்

அக்கா,

குட்டிக்கு நாலு வயது ஆன வீடியோவை நானும் குடும்ப வாட்ஸப் குரூப்பில்தான் பார்க்க வேண்டியிருந்தது. கேக்கை வெட்டாமல் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள். நீ பின்னால் நின்று சிரித்தாய். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை அவளுக்காக.

ஏப்ரலில் நாம் சண்டை போட்டதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். சரி, இங்கேயே எழுதுகிறேன். சித்தியும் படிப்பார், அத்தான் வீட்டுப் பக்கமும் இரண்டு பேர் படிப்பார்கள். அதனால் அன்றைக்கு நீ சொன்னதில் பாதி இதில் வராது. பயப்படாதே.

பல் மருத்துவம் படிக்க ராணுவம் பணம் கட்டும் அந்த ஸ்காலர்ஷிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை கொடிக்கு முன்னால் வலது கையைத் தூக்கி உறுதிமொழியும் எடுத்தாயிற்று. காகிதத்தில் நான் இப்போது அமெரிக்க ராணுவத்தில் செகண்ட் லெப்டினன்ட். வாசல் வரைக்கும் போகக் கூட துணைக்கு ஆள் கேட்கும் நான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

"இருபதாயிரத்துக்கு உன்னை வித்துட்டியாடி" என்று கேட்டாயே, அது மூன்று மாதமாகக் காதிலேயே இருக்கிறது. அந்த 20,000 டாலர் சேரும்போது கொடுப்பது. விலை அது இல்லை. நாலு வருஷக் கட்டணத்தை அவர்கள் கட்டுகிறார்கள், பதிலுக்கு நாலு வருஷம் அவர்கள் சொன்ன ஊரில் கேப்டனாக உட்கார்ந்து பல் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மொத்தம் எட்டு வருஷம் ஆகும்வரை ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். இந்தக் கடைசி வரியை ஏப்ரலில் உன்னிடம் சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

போன வருஷம் உன் கிரீன் கார்டு கைக்கு வந்த அன்று நீ முதலில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இனிமே உன் லோனுக்கு நானே கையெழுத்துப் போடலாம்." உனக்கு அப்பா போட்ட ஜாமீன் கையெழுத்தை நீ எனக்குப் போட நினைத்தாய். அதைத்தான் நான் வேண்டாம் என்றேன். அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியாமல் இல்லை.

ஆனால் கணக்கையும் பார். மேற்படிப்பின் முழுச் செலவுக்கும் அரசாங்கம் கொடுத்து வந்த கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கிடையாது. அரசாங்கக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தமாக 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். எனக்கு இடம் கிடைத்த பல் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டுமே வருஷம் 90,000-ஐத் தாண்டுகிறது. மிச்சம் முழுக்க வங்கிக் கடன், உன் கையெழுத்தில். உன் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

குட்டி பிறந்து ஆறு வாரத்தில் நீ வேலைக்குத் திரும்பினாய் இல்லையா. அந்த இரண்டாவது நாள் மத்தியானம் உன் கிளினிக்குக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்தேன். முன்னால் இருந்த பெண் "டாக்டர் உள்ளே" என்று கை காட்டினாள். நேராகப் பின்பக்கம் வந்துவிட்டேன். கருவிகளைக் கழுவி வேகவைக்கும் அந்தச் சின்ன அறை. கதவு சரியாகச் சாத்தவில்லை. ஆட்டோகிளேவ் ஓடிக்கொண்டிருந்தது, அந்த அனல் வெளியே வரைக்கும் அடித்தது. நீ கையுறைப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். பல் பார்க்கப் போடும் பூதக்கண்ணாடி, அந்த லூப்ஸை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தாய், அதன் விளக்கை அணைக்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம். நீ மூச்சுவிடும்போதெல்லாம் அது லேசாக ஏறி இறங்கியது. மடியில் பம்ப் உஸ் உஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் போன், யாருடைய எக்ஸ்ரேயோ.

உதவிக்கு இருந்த பெண் அந்தப் பக்கக் கதவைத் தட்டினாள். "டாக்டர், ரூம் த்ரீ மரத்துப்போச்சு."

நீ பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய். ஒரு விரல்கடை பால் இருந்திருக்கும். அதை மூடி, பிரிட்ஜில் ஃபில்லிங் மருந்து டப்பாக்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்தாய். மேல்சட்டையை இழுத்துவிட்டு, லூப்ஸைக் கண்ணுக்கு இறக்கினாய். சுவரில் இருந்த வட்டம் காணாமல் போனது. யாருக்கோ மரப்பு தெளிவதற்குள் நீ போயாக வேண்டும்.

நான் கேரியரை முன்னாலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். டிராஃபிக், அவசரம் என்று மெசேஜ் அனுப்பினேன். பொய்.

அன்று நீ அங்கே சேர்ந்து ஒன்பது மாதம்தான். 12 மாதம் முடிந்திருந்தால் சட்டப்படி 12 வாரம் விடுப்பாவது கேட்டிருக்கலாம், அதுவும் சம்பளம் இல்லாமல். சம்பளம் இல்லாமல் இருக்க உன் கடன் விட்டிருக்காது.

ராணுவத்தில் சேவையில் இருக்கும்போது குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு 12 வாரம், டாக்டர் சொல்லும் ஓய்வு தனி. ஒரு வருஷத்துக்கு வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மாட்டார்கள். ராணுவ விதிகளில் நான் முதலில் தேடிப் படித்தது இதைத்தான், அக்கா. சம்பளப் பக்கத்தை அப்புறம்தான் புரட்டினேன். படிக்கும் நாலு வருஷத்தில் இதெல்லாம் கிடையாது, என் வீட்டுக்காரருடைய இன்ஷூரன்ஸ்தான். எங்கள் விஷயம் உனக்குத் தெரியும், எவ்வளவு நாளாக என்பதும் தெரியும். அது இங்கே வேண்டாம்.

நீ சொன்ன அந்தக் கிராமத்துக் கிளினிக் ஸ்காலர்ஷிப்பையும் பார்த்தேன். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர். ஆசையாகத்தான் இருந்தது, சீருடை கிடையாது, அம்மாவுக்கும் தூக்கம் வரும். ஆனால் முடிவு தெரிய செப்டம்பர் ஆகிவிடும், கல்லூரி ஆகஸ்டில் பணம் கேட்கிறது. அப்புறம் அங்கே வருஷத்துக்கு 35 நாள்தான் விடுப்பு. காய்ச்சல், பண்டிகை, பிரசவம் எல்லாம் அதற்குள். தாண்டினால் தாண்டிய நாளை எல்லாம் கடைசியில் சேர்த்து உழைக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் மூன்று மடங்கு கட்டச் சொல்கிறார்கள்.

"என்னைப் பார்த்துப் பயந்துட்டே" என்றாய். ஆமாம். உன் வாழ்க்கையைக் குறை சொன்னதாக நீ அதை எடுத்துக்கொண்டாய். இல்லை என்று அன்று கத்தினேன். இப்போது கத்த முடியவில்லை. கொஞ்சம் அப்படித்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ பட்டதை எல்லாம் நானும் பட்டால்தான் நான் உழைத்துப் படித்ததாகக் கணக்கா? "சும்மா கிடைச்ச படிப்பு" என்றாய். எட்டு வருஷத்துக்குப் பெயரை எழுதிக் கொடுத்தது சும்மாவா? கொரியாவுக்குப் போகச் சொன்னால் போக வேண்டும். போன வாரம் ராத்திரி அவர் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "அங்க என் வேலைக்கு என்ன பண்றது" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுபோல்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. குழந்தையை விட்டு எத்தனையோ மாதம் போக நேரலாம் என்று நீ சொன்னாயே, அது சரிதான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அம்மா முன்னால் அதை வைத்து என்னை அழவைத்தாய் பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இந்த ராணுவப் பணம் குடியுரிமை இருப்பவர்களுக்கு மட்டும். அப்பாவின் கிரீன் கார்டு பேப்பர் நகர்ந்தபோது எனக்கு 17, உனக்கு 22. 21 தாண்டிய பிள்ளைக்கு அதில் இடமில்லை. என் பெயர் அதில் இருந்தது, உன் பெயர் இல்லை. நான் செய்த சாமர்த்தியம் அவ்வளவுதான். உனக்கு இந்தக் கதவு திறந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன்.

நீ முதல் வருஷம் லீவுக்கு வந்தபோது மெழுகுக் கட்டியில் கடைவாய்ப் பல் ஒன்று செதுக்கிக் கொடுத்தாய். நான் அதை ஜன்னலில் வைத்து, வெயிலில் ஒரு பக்கம் குழைந்துபோய், நீ அடிக்க வந்தாய். நாம் ஊரைவிட்டு வந்தபோது பெட்டியில் நான் எடுத்து வைத்த நாலைந்து சாமான்களில் அது ஒன்று. இன்னும் இருக்கிறது, குழைந்த பக்கத்தோடு.

ஆகஸ்டில் எனக்கும் மெழுகு வேலை. மெழுகு செதுக்கும் உன் லெக்ரான் கத்தி அந்த நீல ஜாமெட்ரி பாக்ஸில்தானே இருக்கிறது? கூரியரில் அனுப்பாதே. சனிக்கிழமை வருகிறேன், நாலு மணி நேர ஓட்டம்தான். குட்டிக்குத் தாமதமாக ஒரு கேக்கும் எடுத்து வருகிறேன். நீ வீட்டில் இல்லாவிட்டால் அத்தானிடம் கொடுத்து வை.