அண்ணா, வெல்டு வைக்கப்போவதில்லை

அண்ணா,

அப்பா போய் இன்றோடு ஏழு வருடம். அப்பாவின் 1965 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வண்டி எப்படி நம்மிடம் வந்தது, ஏன் என் ஷெட்டில் நிற்கிறது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். டாஷ்போர்டு ஓட்டையை எப்போது வெல்டு வைத்து மூடப்போகிறாய் என்று மூன்று மாதமாக நீ கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் கேட்டாய். அதனால் பதிலையும் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

ரேடியோ வைக்க டாஷ்போர்டில் நான் அறுத்த இடத்தை வெல்டு வைத்து மூடப்போவதில்லை. ரேடியோவைக் கழற்றிவிட்டேன். 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்த வண்டியைப் பழைய 6 வோல்ட்டுக்கே திருப்பிவிட்டேன். ஓட்டை அப்படியே இருக்கும், அதன்மேல் ஒரு தகடு இருக்கும்.

சோம்பலால் இப்படிச் செய்கிறேன் என்று நினைக்காதே. வெல்டு வைத்தால் என்னென்ன ஆகும் என்று வரிசையாகப் பார்த்துவிட்டேன்.

1965 பீட்டிலின் டாஷ்போர்டு கழற்றி மாட்டும் பாகம் இல்லை, பாடியோடு சேர்ந்த இரும்பு. கழித்துப்போட்ட இன்னொரு வண்டியிலிருந்து, ரேடியோவுக்குத் தொழிற்சாலை விட்ட வாயோடு ஒரு துண்டை அறுத்து வர வேண்டும். என் ஓட்டையைவிடச் சுற்றிலும் 25 மி.மீ. பெரிதாக அறுத்து, நம் வண்டியிலும் அதே அளவுக்கு அகலப்படுத்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்து டிக் வெல்டிங் பிடிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் பிடித்தால் இடையில் ஈரம் தங்கித் துரு ஏறும். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த புள்ளி. ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு அலையலையாக நெளியும். முன் டிக்கியின் அட்டையைக் கழற்றினால் டாஷ்போர்டின் முதுகு முழுவதும் தெரியும். பின்னாலிருந்து டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை. கை சுத்தமான ஆள் கிடைத்தால் முடிகிற வேலைதான்.

சிக்கல் பெயின்டில் இருக்கிறது. நம் வண்டிக்கு வெளியே இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரிய பரப்பில் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் இந்த டாஷ்போர்டுதான். வெல்டு வைத்தால் ஓட்டையைச் சுற்றி விரல் நீளத்துக்குக் கருகும். கருகிய இடத்தை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்த முடியாது, அறுபது வருடம் வெளிச்சம் பட்டு இறங்கிய நிறத்தோடு புது நிறம் சேராது. அதனால் டாஷ்போர்டு முழுவதும் அடிக்க வேண்டும். முழுவதும் என்றால் முன் கண்ணாடியையும் அதன் ரப்பரையும் எடுக்க வேண்டும், பெயின்ட் ரப்பருக்கு அடியில் போகிறது. அலுமினியப் பட்டைகளைக் கழற்ற வேண்டும், கிளிப்பில் பாதி உடையும். எல்லாம் முடித்து மாட்டினால், கதவு திறக்கும் இடத்துச் சட்டம் ஒரு நிறம், டாஷ்போர்டு ஒரு நிறம். பிறகு அதையும் அடி என்பாய். 182 மி.மீ. நீளம், 53 மி.மீ. உயரமுள்ள ஒரு ஓட்டையை மறைக்கப்போய், அப்பா தினமும் துணியால் துடைத்த பெயின்ட்டில் கைப்பிடி அளவுகூட மிஞ்சாது.

நான் செய்தது தப்பு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அறுத்த அன்று நீ கதவோரம் நின்றாய். பேட்டரியின் எர்த்தைக் கழற்றிய ஸ்பேனர் உன் கையில்தான் இருந்தது. தகட்டு வேலைக்கு அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு போட வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால்தான் பிளேடு கடிக்காமல் ஓடும். நான் மரத்துக்குப் போடும் முரட்டுப் பிளேடைப் போட்டேன். ஒரு பல் விளிம்பில் மாட்ட, டாஷ்போர்டு மொத்தமும் அதிர்ந்தது. ஜிக்ஸா என்ற அந்த அறுப்பு மெஷினின் அடித்தட்டுக்கு டேப் ஒட்டவில்லை, அது பெயின்ட்டில் இரண்டு கோடு இழுத்தது. மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டுக்கொண்டு ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை அறுக்க வேண்டும். நான் கூர்மூலையாக அறுத்தேன். கூர்மூலையில்தான் அதிர்வு சேர்ந்து விரிசல் ஆரம்பிக்கும். வலது மேல் மூலையில் இப்போது 6 மி.மீ. விரிசல் இருக்கிறது. தகடு கழன்று விழுந்த சத்தத்துக்கு அப்பா வந்தார். விளிம்பில் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்தார். "கையைக் கிழிச்சுக்காதே" என்றார். அவ்வளவுதான். நீ ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாய். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன், அது உனக்கும் தெரியும்.

அன்று இரவு வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். நமக்குத் தெரிந்தவர்களும் இதைப் படிப்பார்கள்.

அப்பா கேட்டது பாட்டு. அறுக்கச் சொல்லவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை. பழைய இரட்டைத் தண்டு ரேடியோவின் துளைகளிலேயே பொருந்துகிற, புதுச் சர்க்யூட் உள்ள செட்டுகள் கிடைக்கின்றன. டாஷ்போர்டுக்குக் கீழே பிராக்கெட்டில் தொங்கவிட்டிருக்கலாம். அந்தப் பெரிய செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக டைனமோ, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட், இக்னிஷன் காயில், பேட்டரி, ஃபிளாஷர், எல்லா பல்புகள் என்று மாற்றிக்கொண்டே போனேன். வைப்பர் மோட்டாரை மறந்தேன். 6 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டில் பேய் வேகத்தில் ஓடி, ஒரே மழையில் சுருள் கருகியது. பெட்ரோல் முள் மட்டும் தப்பியது. 1965 மாடலில் அது டேங்கிலிருந்து கேபிளால் இழுபடுவது, கரண்டே வேண்டாம்.

ஹெட்லைட் மங்கல், இரவில் அப்பா ஓட்டுவது ஆபத்து என்று அப்போது உன்னிடம் வாதாடினேன். அதில் உண்மையும் இருந்தது. 6 வோல்ட்டில் அரை வோல்ட் வழியில் தொலைந்தாலே வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். ஆனால் அதற்கு மருந்து 12 வோல்ட் இல்லை. ஃபியூஸ் பெட்டியின் பித்தளை நாக்குகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, ஹெட்லைட் பானையின் எர்த்தை வெறும் இரும்பு வரை சுரண்டி இறுக்குவது, பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து கனமான வயரில் ரிலே வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. இந்த மாதம் அதைத்தான் செய்தேன். லைட் நன்றாக எரிகிறது, அண்ணா. அப்போதே இதைச் செய்திருந்தால் அப்பா பார்த்திருப்பார்.

பாட்டும் இருக்கிறது. கிளவ் பாக்ஸுக்குள் உள்ளங்கை அளவு புளூடூத் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் 6 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். 20 வாட் வெளியே வந்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 4 ஆம்ப் இழுக்கும். இந்த டைனமோ 180 வாட், அதாவது 30 ஆம்ப். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 15 ஆம்ப் எடுத்துக்கொள்ளும். ஓடும்போது தாங்கும். சிக்னலில் நின்றால் டைனமோ சார்ஜ் செய்யாது, அப்போது சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். கரண்ட் 15-ஆம் எண் முனையிலிருந்து, சாவி போட்டால் மட்டும், 8 ஆம்ப் ஃபியூஸ் வழியாக எடுத்திருக்கிறேன். எப்போதும் கரண்ட் இருக்கும் 30-ஆம் எண் முனையில் எடுத்தால் கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துவிடும். முதலில் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்தது. ஆம்ப்ளிஃபயருக்கும் கன்வெர்ட்டருக்கும் எர்த்தை ஒரே போல்ட்டில் கொடுத்து, வயர்களை முறுக்கிவிட்டதும் நின்றது. ஸ்பீக்கர் பழைய கிரில்லுக்குப் பின்னால்தான். புதுத் துளை ஒன்றுகூட இல்லை. நாளைக்கு யாராவது வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம்.

எனக்கு இப்போது பிடிபட்டிருக்கிற கோடு இதுதான். கழற்றினால் பழையபடி நிற்குமா, நிற்காதா? பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, டுரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. மாற்றம் தேவையென்றால் குறைந்த அளவில், திருப்பக்கூடியதாக, கழற்றிய பாகங்களை வண்டியோடு வைத்து என்பதுதான் அதன் போக்கு. அதன்படி என் ஜிக்ஸா குற்றவாளி. ஒப்புக்கொள்கிறேன்.

நீயும்தான், அண்ணா.

நீ ஒரு துளையும் போடவில்லை. "நான் ஒரிஜினலாக்கினேன்" என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாய். ஸ்பீடோமீட்டரைக் கழற்றிக் கொண்டுபோய், மடித்த வளையத்தை நெம்பித் திறக்கவைத்து, மங்கிய முகப்பின்மேல் புதிதாக அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டவைத்தாய். கூடவே கிலோமீட்டரைச் சுழியம் ஆக்கிக் கொண்டுவந்தாய். "புது வண்டி மாதிரி" என்றாய். அந்த ஸ்டிக்கர் பல்பு சூட்டில் ஓரம் கிளம்பி முள்ளில் உரச ஆரம்பித்துவிட்டது. 60-க்கு மேல் முள் நடுங்குவது அதனால்தான். அதைச் சரி செய்துவிடுவேன். ஆனால் அந்த ஐந்து எண்கள்?

இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன் சக்கரத்தின் மூடியில் சொருகியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று, கேபிளும் ஒரு சுற்று. இடையில் கியர் பாக்ஸ் எதுவும் இல்லை. அப்பா ஓட்டிய ஒவ்வொரு சுற்றும் நேராக அந்த எண்ணுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நான் அறுத்த தகடு ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு வெயில் படாத அசல் நிறத்தை அதில்தான் பார்க்கலாம். நீ அழித்ததை எந்த டப்பாவில் வைத்திருக்கிறாய்?

இதை அடித்துவிட்டு மென்மையாக எழுதலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நீ முகப்பை மாற்றியபிறகு வண்டியைப் பார்த்து அப்பா அழகாக இருக்கிறது என்றார். உன் மனம் நோகக் கூடாது என்று சொன்னார் என நான் ரொம்ப நாள் நினைத்தேன். அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கலாம். நீ அவருக்காகத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தகடு விஷயம். 1 மி.மீ. அலுமினியத்தில் 210-க்கு 75 மி.மீ. வெட்டியிருக்கிறேன், ஓட்டைக்கு வெளியே பக்கவாட்டில் 14, மேலும் கீழும் 11 மி.மீ. மூடும். விரிசல் முனையில் 2 மி.மீ. துளை மட்டும் போட்டு நிறுத்தினேன், அது மேலே ஓடாது. நான் போடுகிற கடைசித் துளை அது. அறுத்த விளிம்பை அரத்தால் மழுக்கி, சின்னத் தூரிகையால் எபாக்ஸி பிரைமரை விளிம்புக்கு மட்டும் தடவினேன். தகட்டின் பின்புறம் நான்கு எம்4 ஸ்டட், அதாவது தலையில்லாத 4 மி.மீ. போல்ட், ஒட்டியிருக்கிறது. அவை ஓட்டைக்குள்ளேயே போய், பின்னால் ஒரு குறுக்குப் பட்டையில் நட்டு போட்டு இறுகும். இடையில் மெல்லிய ஃபெல்ட் துணி. அலுமினியம் பெயின்ட்டை உரசக் கூடாது, இரும்போடு நேராகவும் தொடக் கூடாது, ஈரம் பட்டால் இரண்டில் ஒன்று அரிக்கும். தகட்டுக்கு டாஷ்போர்டின் நிறம் அடிக்கவில்லை. மறைக்கப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இனி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் இப்போது மேசைமேல் திறந்து கிடக்கிறது. முள் எங்கே நின்றது என்று முகப்பில் குறித்துக்கொண்டு உருவிவிட்டேன். ஸ்டிக்கரை மெதுவாகச் சூடு காட்டி உரித்தேன். அடியில் பழைய முகப்பு பாதிக்குமேல் நன்றாக இருக்கிறது, 80-க்கும் 100-க்கும் நடுவில் மட்டும் பசை எழுத்தைத் தின்றிருக்கிறது. அதை அப்படியே விடுகிறேன். எண் சக்கரங்களின் தண்டை உருவினால் எந்த எண்ணையும் வைக்கலாம். அப்பாவின் சர்வீஸ் நோட்டில் கடைசியாக எண்ணெய் மாற்றியது 81,240. அவர் 5,000-க்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுவார், அடுத்த குறிப்பு இல்லை. ஆக 81,240-க்கும் 86,240-க்கும் நடுவில் எங்கோ. நீ சுழியம் ஆக்கிய பிறகு ஓடியது 2,917.

திறக்கக் கொடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். எங்காவது எழுதி வைத்திருப்பாய், நீ எதையும் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. அனுப்பு. அதோடு 2,917-ஐக் கூட்டி வைத்துவிட்டு, வளையத்தை மடிக்கிறேன். அதுவரை முள்ளைப் பொருத்தாமல் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி